இரு செவியும் நன்று

அந்த மாதம் ஊரில் பாதி அரசாங்க ஊழியர்களுக்குக் கண் மங்கிப்போனது. மீதிப் பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நேற்றுவரை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்த தபால்காரர் சுவரைத் தடவித் தடவி ஏறினார். அரசாங்க பஸ் ஓட்டுகிற ஒருவர் மூட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வந்திருந்தது ஒரே நோய்தான். மாதக் கடைசிக்குள் எப்படியாவது வேலையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

பாய்லர்க்காரருக்கு மட்டும் நிஜமாகவே காது கேட்காது. அதை எப்படி நிரூபிப்பது என்றுதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில், தகரக்கூரை போட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. அதில் முப்பத்து மூன்று வருஷமாக பாய்லர் ஓட்டுகிறவர் அவர். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு டாக்டரைத் தெரியும், நர்ஸைத் தெரியும், வாசலில் பழம் விற்கிறவரைக்கூடத் தெரியும், பாய்லரைத் தெரியாது. ஆனால் ஆபரேஷன் கத்தி சுத்தமாவதும், படுக்கை விரிப்பு வேகிறதும், நோயாளிக்குக் கஞ்சி கொதிப்பதும் அங்கிருந்து குழாய் வழியாகப் போகிற நீராவியில்தான். விடிகாலையில் போனதும் அவர் முதலில் கண்ணாடிக் குழாயைப் பார்ப்பார். பாய்லரின் முகப்பில் ஒரு முழ உயரத்துக்கு நிற்கிற குழாய் அது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். மட்டம் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. இறங்கியதைக் கவனிக்காமல் நெருப்பை எரியவிட்டால் பாய்லரோடு கூரையும் போகும், பக்கத்து வார்டும் போகும். அதனால் டீ குடித்தாலும் அந்தக் குழாயைப் பார்த்தபடிதான் குடிப்பார்.

அவர் மனைவியை அந்தத் தெருவில் பாய்லர்க்காரம்மா என்பார்கள். வீட்டிலிருந்தபடி ஒரு தையல்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சட்டைக்கு ஏழு காஜா, ஏழு பட்டன். பின்னறையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் பத்துச் சட்டை முடித்துவிடுவாள். போன வருஷம் வரைக்கும் அப்படித்தான். இப்போது வலது கை விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஊசி குத்தினால் ரத்தம் வந்த பிறகுதான் தெரிகிறது. சட்டையில் கறை பட்டுவிட்டது என்று கடைக்காரர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

அவளைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் அப்பா மாப்பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, வேலையைத்தான் பார்த்தார். கடைசி மூச்சு வரைக்கும் பென்சன் வரும், அவர் போனாலும் இவளுக்கு வரும் என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவளும் அதை நம்பித்தான் குடித்தனம் நடத்தினாள். பல் கட்டுவது பென்சன் வந்த பிறகு. பின்னறைக்கு ஜன்னல் வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசுவது பென்சன் வந்த பிறகு. தூரத்து ஊரில் இருக்கிற மகள் வீட்டில் ஒரு மாதம் போய் இருப்பதும் அப்புறம்தான். முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஆசை என்று எது தலைகாட்டினாலும், அதற்கு இந்த ஒரு பதில்தான் இருந்தது.

அவர் நல்ல மனிதர்தான். உடன் வாழ்கிறவளைப் படுத்துகிற பழக்கம் என்று இரண்டு மூன்றுதான் உண்டு. சாப்பிடும்போது பேசமாட்டார். செருப்பைக் கண்ட இடத்தில் விடுவார். அப்புறம் கதவு. பாய்லர் கட்டடத்தில் வெளிக்காற்று அடித்தால் நெருப்பு தடுமாறும். உள்ளேயிருக்கிற புகைவாடை வெளியே போனால் வார்டிலிருந்து மேட்ரன் அம்மா வந்து நிற்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி, அதற்குப் பிறகு அவர் தாண்டிப் போன எந்தக் கதவும் திறந்து கிடந்ததில்லை. தன் வீடு, பிறத்தியார் வீடு, பலசரக்குக் கடை என்ற வித்தியாசமே கிடையாது. கல்யாணமான புதிதில் மாமனாரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியவர். காது போன பிறகு அவளுக்குத்தான் கஷ்டம். துணி மூட்டையோடு பின்னால் வருகிறவளை விட்டுவிட்டுச் சாத்திவிடுவார். தட்டினால் கேட்காது. அவள் ஜன்னல் பக்கம் சுற்றிப் போய்க் கையை ஆட்ட வேண்டும். "மறுபடியும் சாத்திட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்து திறப்பார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். அவள் திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

உத்தரவு வந்தது மாதக் கடைசிக்கு நாற்பது நாள் முன்னால். முக்கியமான பேச்சு என்றால் அவர் தனியாகப் போகமாட்டார் என்பதால் அவளும் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போனாள். சம்பளப் பிரிவில் இருக்கிற கிளார்க் அம்மா நல்ல மாதிரி. அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். அவருக்குக் காது போனது பாதி ஆஸ்பத்திரிக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள்.

"நமக்கெல்லாம் பென்சன் கொடுக்கறதுக்குன்னு அரசாங்கம் தனியா ஒரு கையிருப்பு வெச்சிருந்துச்சு அண்ணே. வருஷா வருஷம் அதுல போட்டுக்கிட்டே வரணும். கொஞ்ச வருஷமா போடவே இல்ல, எடுக்க மட்டும் எடுத்திருக்காங்க. ரோடு போட எடுத்தாங்க, பழைய கடனை அடைக்க எடுத்தாங்க. இப்ப அடி தெரியுது."

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறார்களாம். அடுத்த மாதக் கடைசிக்குள் வேலையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் கையிருப்பிலிருந்து ஆயுள் முழுக்கப் பென்சன் உண்டு. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு, அவரவர் சம்பளத்தில் பிடித்தது மட்டும்தான். அந்தப் பிடித்தமே ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்தது. இவருக்கு வரக்கூடியது இரண்டு வருஷ வாடகைக்குக் காணும். இவருடைய ஓய்வு நாள் அந்தக் கெடுவுக்கு இரண்டு மாதம் தள்ளி விழுந்தது. நிஜ வயதுப்படி போன வருஷமே வெளியே வந்திருக்க வேண்டியவர்தான். பையன் கூடுதலாக ஒரு வருஷம் சம்பாதிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவர் அப்பா வயதைக் குறைத்துப் போட்டிருந்தார்.

பாய்லர்க்காரர் காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் கேட்டார். "அந்தக் கையிருப்புக்குக் கண்ணாடிக் குழாய் கிடையாதா? மட்டம் எறங்கறத ஒருத்தர் உக்காந்து பாக்கணுமே. அதுக்கு ஆளு போடலையா?"

"போட்டிருந்தாங்க அண்ணே. பாத்தோம், சரியா இருக்குன்னுதான் அவங்களும் வருஷா வருஷம் எழுதி வெச்சிருக்காங்க."

பாய்லர்க்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முன்னதாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். அதற்கு மூன்று மாதம் முன்னால் கொடுத்திருக்க வேண்டுமாம். உத்தரவே கெடுவுக்கு நாற்பது நாள் முன்னால்தான் வந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு எங்கே போவது? கிளார்க் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளிடம் மட்டும் சொன்னாள்.

"ஒரே ஒரு வழிதான் இருக்கு அக்கா. உடம்பு வேலைக்கு லாயக்கில்லன்னு மெடிக்கல் போர்டு எழுதிக் கொடுத்தா அன்னிக்கே வெளிய வந்துரலாம். அண்ணனுக்குத்தான் காது..." என்று இழுத்தாள். "ஆனா அக்கா, அவரோட ரிஜிஸ்டரைப் பாத்தேன். ஒன்பது வருஷமா, வருஷா வருஷம், இரு செவியும் நன்றுன்னு எழுதியிருக்கு."

அது எப்படி எழுதப்பட்டது என்று பாய்லர்க்காரம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், தகரத்தில் மழை அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, துணியை வெயிலில் போட்டியா என்று அவர் கேட்டார். அவள் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளையாட்டில்லை என்று தெரிந்தது. பாய்லர் ஓட்டுகிறவனுக்குக் காது இருந்தே ஆக வேண்டும். அழுத்தம் கூடினால் மேலே இருக்கிற வால்வு சீறும், தண்ணீர் குறைந்தால் ஊதல் ஊதும். கேட்காது என்று தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுகூட இல்லை. மறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவள் அவருக்கு வாத்தியார் ஆனாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைப்பாள். உப்பு, ரொட்டி, நாற்பத்தேழு, சாயங்காலம். அவர் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் டீ கிடையாது. மூன்று மாதத்தில் தெருவில் எதிரே வருகிறவர் பேசுவதை அவர் தடங்கலில்லாமல் பிடித்துக்கொண்டார். பாய்லருக்கும் அவளே ஒரு வழி செய்தாள். தையல்கடைக் கழிவில் சிவப்புத் துணி இரண்டு எடுத்து, ஓரம் அடித்துக் கொடுத்தாள். ஒன்றை வால்வின் வாயிலும் ஒன்றை ஊதலின் வாயிலும் அவர் கட்டிக்கொண்டார். நீராவி வந்தால் துணி படபடக்கும், அவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். வருஷ சோதனைக்குப் பழைய காது டாக்டர் எதிரே நின்று நாலு எண்ணைச் சொல்வார், இவர் நாலையும் திருப்பிச் சொல்வார், டாக்டர் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். முதல் வருஷம் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அவளும் சிரித்தாள். ஆனால் ஆஸ்பத்திரித் திசையில் பெரிதாக ஏதாவது சத்தம் கேட்டால் அவள் கையில் ஊசி நின்றுவிடும். வேறொன்றுமில்லை, ஏதோ லாரிதான் என்று தெரிகிறவரைக்கும் அடுத்த தையல் போடமாட்டாள். ஒன்பது வருஷமும் அப்படித்தான் போயிற்று.

இப்போது அத்தனையையும் அவர் மறக்க வேண்டும். போர்டுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், பன்னிரண்டு நாள் இருந்தது. பொய் சொல்ல முடியாதபடி காதைச் சோதிக்கிற மெஷின் ஒன்று தலைநகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறதாம். அதற்கு வரிசை நாலு மாதம். உள்ளூரில் இருந்ததெல்லாம் காதில் மாட்டிப் பட்டனை அழுத்தச் சொல்கிற மெஷின்தான். அதை யாரும் ஏமாற்றலாம் என்று டாக்டர்களுக்கே தெரியும். வெளியே போகிற ஒவ்வொரு ஆளும் கையிருப்புக்கு இன்னொரு பாரம், பார்த்து அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வேறு வந்திருந்தது. பழைய காது டாக்டர் மாறுதலாகிப் போய், புது ஆள் வந்திருந்தார்.

அவள் மறுபடியும் அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நான் எது சொன்னாலும் முகம் அசையக் கூடாது. புரியுதா?"

"புரியுது."

"இப்பவே பதில் சொல்றீங்க பாருங்க."

அவர் தலையைச் சொறிந்தார். மறுபடியும் முயன்றார்கள். அவள் வாயை அசைத்து, உங்க சட்டையில பல்லி விழுந்துருச்சு என்றாள். அவர் குதித்துச் சட்டையை உதறினார். இருவரும் அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரைக்கும் சிரித்தார்கள். ஆனால் போகப் போகச் சிரிப்பு வற்றிவிட்டது. வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டவன், எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் பலகையைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாதது போல, படித்துவிடுகிறான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், யார் முகத்தையும் பார்க்காதீர்கள் என்று முடிவு செய்தார்கள். பின்னால் நின்று அவள் தட்டைப் போட்டாள், கை தட்டினாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். அதற்கெல்லாம் அவர் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்தபடி, இத்தனை கத்தியும் திரும்பாத அந்தத் தலையைப் பார்த்தபடி, அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். காது போனது எவ்வளவு தூரம் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

"எனக்குக் கேக்காதுங்கறதுக்கு நான் நடிக்கணுமாம்," என்றார் அவர். "இதைவிடக் கேவலம் உண்டா?"

"கிடைச்சா போதும். கேவலத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"கிடைக்கலேன்னா?"

காது கேட்காத கிழவனை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். மகள் வீட்டில் மாமியார் படுக்கையில் கிடக்கிறாள், அங்கே இன்னும் இரண்டு பேருக்கு இடமில்லை. அவள் தன் மரத்துப்போன விரலைத் தேய்த்துக்கொண்டாள்.

போர்டு அன்று காலையிலிருந்தே மேகம் போட்டிருந்தது. அவித்த முட்டையும் ரொட்டியும் அவர் பாதிதான் சாப்பிட்டார். ஆஸ்பத்திரி மாடியில் கோடி அறை. உள்ளே மூன்று டாக்டர்கள், வெளியே நீளப் பெஞ்சு, அதில் முழங்கால், இடுப்பு, கண் என்று முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, வாசல் பியூன் பாதிச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார். அதனால் உள்ளே பேசுவது பெஞ்சில் இருக்கிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோருமே கதவை அப்படியே விட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

பியூன் பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவர். "புது காது டாக்டர் கெட்டிக்காரர்ம்மா. எல்லா சோதனையும் முடிச்சு, போங்கன்னு அனுப்பிட்டு, முதுகுக்குப் பின்னாடி மெதுவா ஏதாவது ஒண்ணு சொல்வாரு. காலையில கோர்ட் ஆளு ஒருத்தரு, ரெண்டு காதும் அவுட்டுன்னாரு. போகும்போது, உங்க பர்ஸ் விழுந்துருச்சேன்னாரு டாக்டர். ஆளு சட்டுன்னு குனிஞ்சுட்டாரு."

இதைக் கேட்டதும் பாய்லர்க்காரம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. முகத்துக்கு நேரே சொன்னால்தான் அவளுக்குப் பயம். முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னால்தான் என்ன? பர்ஸ் என்ன, கூரையே விழுந்தது என்று சொன்னாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை.

அவர் முறை வந்தது. அவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே அவர் தரையைப் பார்த்தபடி நிற்பது தெரிந்தது. டாக்டர் எதையோ கேட்டார், அவர் அசையவில்லை. ஒரு ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார், அசையவில்லை. பின்னால் போய் இரும்புத் தட்டைக் கீழே போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் துள்ளி விழுந்தார்கள். அவர் தோள்கூட அசையவில்லை. மெஷினை மாட்டினார்கள், கழற்றினார்கள். காது டாக்டர் மற்ற இருவரையும் பார்த்து, இது நிஜம் மாதிரிதான் இருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் பின்னறைக்கு ஜன்னல் வைத்தாகிவிட்டது, மகள் வீட்டுக்குப் போய் வந்தாகிவிட்டது.

அப்போது தூறல் பிடித்து, வராந்தாவில் சாரல் அடிக்க ஆரம்பித்தது. போகலாம் என்று டாக்டர் கையைக் காட்டினார். அவர் திரும்பி வாசலுக்கு வந்தார்.

டாக்டர் தலையைத் தூக்காமல், எழுதிக்கொண்டே சொன்னார். "பெரியவரே, சாரல் அடிக்குது. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவர் வெளியே வந்தார். குனிந்து, செங்கல்லை ஓரமாக ஒதுக்கினார். இரண்டு கையாலும் கதவை இழுத்து, தாழ்ப்பாள் கிளிக் என்று விழுகிறவரைக்கும் பிடித்திருந்து, மெதுவாகச் சாத்தினார். முப்பத்து மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். பிறகு மனைவியைப் பார்த்து, உதடு பிரியாமல், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

பியூன் அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருந்தாள். பன்னிரண்டு நாள் அவள் எதை எதையோ யோசித்தாள். தட்டை யோசித்தாள், கைதட்டலை யோசித்தாள், முகத்தை யோசித்தாள். கதவை யோசிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வாசலில் நின்று தட்டுகிறவளுக்கே அது தோன்றவில்லை.

அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"ஐயா, அவருக்குக் கேக்கலைங்க. எந்தக் கதவா இருந்தாலும் சாத்துவாருங்க. அது அவரு பழக்கம். வேலை அப்படிங்க."

காது டாக்டர் பேனாவை வைத்தார். கோபப்படவில்லை, காலையிலிருந்து கோபப்பட்டு ஓய்ந்துபோனவராக இருந்தார். "அம்மா, நானும் கேக்கலைன்னுதான் எழுதப் போனேன். செங்கல்லை நகத்திட்டுல்ல சாத்தறாரு."

"இருந்தாலும் சாத்துவாருங்க. எங்கப்பாவையே வெளிய விட்டுச் சாத்தியிருக்காருங்க."

மற்ற இருவரில் ஒருவர் சிரித்துவிட்டார். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவர் ரிஜிஸ்டரைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். ஒன்பது பக்கம், ஒன்பது கையெழுத்து.

"இதைப் பாருங்கம்மா. போன வருஷம் வரைக்கும் இரு செவியும் நன்று. அவருக்கு எப்பலேருந்து கேக்கல?"

அவள் அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தாள்.

"இந்த வருஷம்தான் போச்சுன்னா வைத்தியம் பாத்த சீட்டு ஏதாவது இருக்கணும், ஒண்ணும் இல்ல. பல வருஷமாவே கேக்கலன்னா சொல்லுங்க, நான் எழுதறேன். ஆனா அப்ப இதையும் சேத்து எழுதணும். கீழ நானூறு நோயாளி படுத்திருக்காங்க. காது கேக்காத ஒருத்தர், கேக்குதுன்னு பொய் சொல்லி, அவங்களுக்குப் பக்கத்துல பாய்லர் ஓட்டியிருக்கார்னு எழுதணும். அதுக்கப்புறம் பென்சன் இல்ல, கேஸ்தான் வரும். இதுல இருக்கறது நிஜமா, நீங்க சொல்றது நிஜமா?"

பாய்லருக்குப் போய்ப் பாருங்கள், என் கையால் ஓரம் அடித்த சிவப்புத் துணி இரண்டு தொங்கும், அதுதான் ஒன்பது வருஷமாக அவருக்குக் காது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். அவள் காப்பாற்ற நினைத்த மனிதரை மாட்டிவிட அந்தத் துணி ஒன்றே போதும்.

"சொல்லுங்கம்மா."

"ரிஜிஸ்டர்ல இருக்கறதுதாங்க நிஜம்," என்றாள்.

பெரிய டாக்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். காது டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒன்பது தடவை எழுதப்பட்டிருந்த அதே மூன்று வார்த்தையைப் பத்தாவது தடவையாக அவரும் எழுதினார். அவள் வெளியே வரும்போது கதவை என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்தார்கள். ஒரு குடைதான் இருந்தது, அதை அவர் அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். அவள் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, எழுதி அனுப்புவார்களாம் என்றாள். அது பொய்யில்லை.

"ஒருத்தன் முகத்தையும் பாக்கலையே. கடைசி வரைக்கும் தரையையே பாத்துக்கிட்டு நின்னேன். தட்டு விழுந்தது கால்ல அதிர்ந்துச்சு, அப்பகூட அசையலையே. நல்லா நடிச்சேனா?"

"நல்லா நடிச்சீங்க."

"முதல்ல அந்த ஜன்னலை வெச்சுருவோம்," என்றார். "நீ இருட்டுல கண்ணைக் கெடுத்துக்கறே. வெளிச்சம் வந்தா காஜா எடுக்கவும் வசதி." கொஞ்ச தூரம் போய், "இல்ல, வேணாம். இனிமே நீ எதுக்குக் காஜா எடுக்கணும்?" என்றார். நனைந்த தெருவில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் அவள் குடையை வாங்கித் தண்ணீரை உதறினாள். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். போனவர் கதவைச் சாத்தினார்.

அவள் தட்டவில்லை. ஜன்னல் பக்கமும் போகவில்லை. மடக்கிய குடையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அடக்கி அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வந்தது. வாய்விட்டு, குரலெடுத்து அழுதாள். உள்ளே அவர் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தமும், டீக்குத் தண்ணீர் வைக்கிற சத்தமும், இரண்டு கோப்பை எடுத்து வைக்கிற சத்தமும் அவளுக்குக் கேட்டன. அவள் அழுதது அவருக்குக் கேட்கவில்லை.

தண்ணீர் கொதித்திருக்கும் என்று தோன்றியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் சுற்றிப் போய்க் கையை ஆட்டினாள். அவர் பார்த்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"மறுபடியும் சாத்திட்டேனா?" என்றார் சிரித்துக்கொண்டே.

அவருக்கு உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"ஆமாங்க," என்றாள். "சாத்திட்டீங்க."